நெல்லைச் சீமையில் புதிய அறிவியல் பாடத்திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் துறையும் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையும் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக பி.எஸ்சி. பாடத்திட்டத்தைத் திருத்தி வருகிறோம். அட்மிஷன் நாட்களில் பெற்றோர் கேட்பதும், வராந்தாவில் மாணவர்கள் நிறுத்திக் கேட்பதும், பிற கல்லூரி ஆசிரியர்கள் தொலைபேசியில் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். இது கல்லூரியின் அறிக்கை அன்று. கருத்தும் கோபமும் என்னுடையவை.

இத்தனை காலம் இருந்த சிலபஸில் என்ன குறை? நாங்களும் அதைப் படித்துத்தானே முன்னுக்கு வந்தோம்?

வந்தீர்கள், மறுக்கவில்லை. நானும் மின்தடை அளக்கும் அதே கேரி ஃபாஸ்டர் பாலத்தோடும் சோடியம் விளக்கோடும் மல்லுக்கட்டி வந்தவன்தான். பாடத்தில் இருக்கும் அறிவியல் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அது எங்கே, எதற்குப் பயன்படுகிறது என்பது மாணவர் கண்ணில் படாமலே மூன்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தொல்லை அங்கேதான்.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி சோலார் பேனல் செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரம் அவளை ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். பேனல் ஒவ்வொன்றும் இருட்டறைக்குள் போகும்; அதில் மின்சாரத்தைச் செலுத்துவார்கள்; திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு படம் வரும். கறுப்புக் கோடு தெரிந்தால் விரிசல். ஒரு பக்கம் முழுக்கக் கறுத்திருந்தால் இணைப்பு விட்டிருக்கிறது. சில நொடிகளில் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று இரவு எனக்குத் தொலைபேசி. "சார், சோலார் செல் வெளிச்சத்தை வாங்கி மின்சாரம் தரும் என்றுதானே படித்தோம்? இங்கே மின்சாரத்தைக் கொடுத்து வெளிச்சத்தை வாங்குகிறார்களே, அது எப்படி?"

விடை அவள் படித்த பாடத்திலேயே இருக்கிறது. சோலார் செல் என்பது ஒரு பெரிய பி-என் சந்தி டையோடு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கருவி. அந்தத் திசையில், அதாவது முன்னோக்குச் சார்பில், மின்னோட்டம் பாய்ந்தால் சிலிக்கான் மங்கலாக அகச்சிவப்பு ஒளியை உமிழும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். விரிசலுக்கு அப்பால் மின்னோட்டம் போகாத துண்டு இருட்டாகவே கிடக்கும். டையோடு பரிசோதனையில் அவள் செய்முறைத் தேர்வில் 50-க்கு 48 வாங்கியவள். வரைகோட்டை அழகாக வரைந்திருந்தாள். அவளுடைய கேள்வி ஆசிரியனான என்னைத்தான் தைத்தது.

நாமே திருத்திக்கொள்ளலாமே, வெளிநாட்டுக்காரர் எதற்கு?

திருத்திக்கொண்டுதான் இருக்கிறோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாம் யூனிட்டை நான்காம் யூனிட்டுக்கு நகர்த்துவோம். பார்வை நூலின் பதிப்பு ஆண்டை மாற்றுவோம். தாளின் தலைப்பில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு சொல்லைச் சேர்ப்போம். பழகிய வீட்டில் ஒட்டடை கண்ணில் படாது. விருந்தாளி வந்தால்தான் நாமே அண்ணாந்து பார்ப்போம்.

கூட்டு தொடங்கிய ஆண்டு அங்கிருந்து ஒரு பேராசிரியை வந்தார். ஆய்வகத்தில் எங்கள் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம். பழுப்பு அட்டை, வெள்ளை லேபிள், ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, பென்சிலில் படம், ஒரு அடித்தல் திருத்தம் கிடையாது. நாலைந்து நோட்டுகளைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "மிக அழகு. பிழைகளை எழுதிய நோட்டு எங்கே?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அளவீடு எடுத்த ரஃப் தாள்கள் கையெழுத்து வாங்கிய கையோடு குப்பைக்குப் போயிருந்தன.

மருந்து ஆலையோ நீர்ப் பரிசோதனைக் கூடமோ, தரச்சான்று பெற்ற எந்த ஆய்வகத்திலும் அழிரப்பருக்கு இடம் கிடையாது. தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும். பழைய எண் கீழே படிக்கும்படி இருக்க வேண்டும். புதிய எண்ணை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். நாமோ நேர்த்திக்கு 5 மார்க் கொடுத்து, மூன்று ஆண்டுகள் அழிப்பதற்குப் பயிற்சி தருகிறோம். இப்போது எங்கள் ஆய்வகத்தில் ரஃப் நோட்டும் இல்லை, ஃபேர் நோட்டும் இல்லை. பக்க எண் அச்சிட்ட ஒரே நோட்டு, பேனாவில் மட்டும். முதல் பருவத்தில் பிள்ளைகள் பதறினார்கள். அவர்களைவிட ஆசிரியர்கள் அதிகம் பதறினோம்.

வெளிநாட்டுக் கை இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அன்று. சாரா டக்கர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இங்கிலாந்தை விட்டு இங்கே வந்ததே இல்லை. அவர் பெயரில் பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி நிற்கிறது. கயத்தாறு என்றால் கட்டபொம்மன் நினைவுக்கு வருவான். அங்கே காற்றாலைச் சோதனை நிலையம் ஒன்றும் இருக்கிறது. டென்மார்க் அரசின் தொழில்நுட்ப உதவியோடும் நிதியுதவியோடும் வந்தது. கூடங்குளம் அணு உலைகளுக்கு விதை 1988-இல் சோவியத் ஒன்றியத்துடன் போட்ட ஒப்பந்தம். இயந்திரங்களும் நிபுணர்களும் கடல் கடந்து வந்தபோதெல்லாம் நம் பி.எஸ்சி. வகுப்பறை மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

வேலைக்கு ஏற்ற படிப்பு என்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் அறிவியல் பட்டதாரிக்கு அப்படி என்ன வேலை இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு வரைபடத்தை விரித்துத்தான் பதில் சொல்வேன். நெல்லையிலிருந்து வடக்கே கங்கைகொண்டான்: டாடா பவர் குழுமத்தின் சோலார் ஆலை, ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவு செல்லும் பேனலும் செய்யும் திறன். தெற்கே மகேந்திரகிரி: இஸ்ரோவின் திரவ, கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கும் வளாகம். கடலோரம் கூடங்குளம்: 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் நான்கு கட்டுமானத்தில். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாடிகள் நிற்பதைச் சொல்லவே வேண்டாம்.

இவற்றில் பொறியியல் படித்தவர்களுக்குத்தான் இடம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பாதிதான் உண்மை. அணுமின் கழகம் பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் படித்தவர்களை உதவித்தொகைப் பயிற்சியாளர்களாக எடுக்கிறது. 60 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலும் பரிசோதனைக் கூடங்களிலும் வேலை அறிவியல் பட்டதாரியின் வேலைதான்.

காற்றாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் காலம்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம். மின்தொகுப்பில் ஒரு நாளை 96 கால்மணித் துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று காற்றாலைக்காரர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கணிப்பு வெகுவாகத் தவறினால் காசு கட்ட வேண்டும். காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் கனத்தோடு (வேகம் × வேகம் × வேகம்) கூடுகிறது. எனவே வேகத்தை 10 சதவீதம் கூட்டிச் சொன்னால் ஆற்றல் கணக்கு 33 சதவீதம் கூடிவிடும். இந்தக் கணக்கு பதினொன்றாம் வகுப்புப் பையனுக்கே தெரியும். அதைக் கணினியில் ஓராண்டுத் தரவோடு ஓட்டிப் பார்த்த பி.எஸ்சி. மாணவர்கள் எத்தனை பேர்? எங்கள் வகுப்பில் இரண்டாண்டுக்கு முன்புவரை ஒருவரும் இல்லை.

அப்படியானால் கல்லூரியைத் தொழிற்பயிற்சி நிலையமாக மாற்றப் போகிறீர்களா?

மாட்டோம். இந்தச் சண்டையை எங்கள் கூட்டத்திலும் போட்டோம், அந்தப் பக்கத்து ஆட்களோடும் போட்டோம். ஒரு ஆலை அதிகாரி வந்து, "இந்த இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொடுங்கள், போதும்" என்றார். சோலார் தொழிலில் நேற்று பெர்க் செல், இன்று டாப்கான் செல், நாளை வேறொன்று. இயந்திரத்தைக் கற்றுக்கொடுத்தால் மாணவன் கையில் பட்டம் வருவதற்குள் இயந்திரம் காயலான் கடைக்குப் போய்விடும். பி-என் சந்தி எங்கேயும் போகாது.

வெப்ப இயக்கவியலில் ஒரு மணி நேரம்கூட நாங்கள் குறைக்கவில்லை. இயந்திரவியலிலும் அப்படியே. வெட்டியது வேறு: ஒரே கருத்தை இரண்டு பருவங்களில் சொல்லும் இடங்கள், வால்வு காலத்து மின்னணுவியலின் மிச்சங்கள், மனப்பாடத்துக்கு மட்டுமே பயன்பட்ட நிரூபணங்கள் சில. கடைசி வகையை வெட்டும்போது ஒரு மூத்த ஆசிரியர் கண்கலங்கினார். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடைமுறையில் என்னதான் மாறியிருக்கிறது?

எல்லாவற்றையும் சொன்னால் பக்கம் நீளும். இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, இருட்டுப் பெட்டி. அந்த மாணவியின் கேள்வியைக் கூட்டாளிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். ஆலையில் இருக்கும் கருவியின் விலை எங்கள் துறையின் பல ஆண்டு நிதி. அவர்கள், பழைய கேமராவின் உள்ளே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி வடிகட்டி இருக்கும், அதை எடுத்துவிட்டால் போதும் என்று காணொளியில் கழற்றிக் காட்டினார்கள். டவுனில் கேமரா பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் அதை அரை நாளில் செய்து கொடுத்தார். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டிக்கு உள்ளே கறுப்புத் துணி ஒட்டினோம். ஒரு சோலார் செல், ஆய்வகத்தில் ஏற்கனவே இருந்த நேர்மின் வழங்கி (டி.சி. சப்ளை). மூன்று ஆம்பியர் கொடுத்து, ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்தோம்.

முதல் படத்தில் ஒன்றுமில்லை. பெட்டியின் மூலையில் வெளிச்சம் கசிந்திருந்தது. மூன்றாவது முயற்சியில் செல் நிலவு போல வந்தது, நடுவே மரக்கிளை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. வெளியில் இருந்து பார்த்தால் அந்தச் செல்லில் கீறல்கூடத் தெரியவில்லை. எங்கள் ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "பானையைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான் இது. சுட்டபோது விட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்" என்றார். அவர் குயவர் வீட்டுப் பிள்ளை. அந்த வாக்கியத்தை இப்போது பாடக் கையேட்டில் சேர்த்திருக்கிறோம்.

இரண்டு, டைட்ரேஷன்: பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் காண்பது. இதை வேதியியல் துறை நண்பர்கள் செய்தார்கள். விடை தெரிந்த பிறகு பியூரெட்டைப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கும் நினைவிருக்கும்: முதல் ஆள் 19.8 என்றால் வகுப்பு முழுவதும் 19.8. இப்போது விடை யாருக்கும் தெரியாது. தாமிரபரணியில் ஐந்து இடங்களிலிருந்து, பாபநாசம் தொடங்கிக் கீழே கீழே, மாணவர்களே நீர் எடுத்து வருகிறார்கள். கடினத்தன்மை, குளோரைடு, கரைந்த ஆக்சிஜன் அளக்கிறார்கள். எண்ணோடு அதன் பிழை எல்லையும் எழுதாவிட்டால் மார்க் கிடையாது. ஆறு எந்த ஆண்டும் ஒரே விடையைத் தருவதில்லை, அதனால் சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதவும் வழியில்லை.

அணு இயற்பியலில், கதிரியக்கத்தை அளக்கும் கைகர் எண்ணியைக் கடற்கரைக்கே கொண்டுபோகிறோம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிரியக்கமுள்ள தோரியம். ஆய்வகத்துக்குள் விட்டு விட்டு டிக் டிக் என்ற கருவி அங்கே போனதும் படபடக்கும். அதன்பிறகு வகுப்பில் யாரும் தூங்குவதில்லை.

கேள்வித்தாள்?

இதைக் கேட்பவர்தான் விவரம் தெரிந்தவர். கேள்வித்தாள் மாறாவிட்டால் சிலபஸ் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவன் படிப்பது கேள்வித்தாளை. எங்கள் கூட்டில் மிக அதிக நேரம் தின்றது இதுதான். "பி-என் சந்தி டையோடின் முன்னோக்குச் சார்புச் சிறப்பியல்பை விவரி, 10 மதிப்பெண்" என்ற கேள்வி என் மாணவப் பருவத்திலிருந்து உயிரோடு இருந்தது. அதன் இடத்தில் இப்போது ஒரு செல்லின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுக்கிறோம். கால் பங்கு இருண்டிருக்கிறது. மின்னோட்டம் ஏறக்குறைய எவ்வளவு குறையும், எந்த அனுமானத்தில் சொல்கிறாய், அனுமானம் தவறினால் என்ன ஆகும்? முதல் ஆண்டு தேர்ச்சி விகிதம் சரிந்தது. முதல்வர் அறையில் எனக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மாதிரி வினாக்களை முன்கூட்டியே கொடுக்கத் தவறியது எங்கள் பிழைதான்.

சிலபஸை மாற்ற ஒரு கல்லூரிக்கு அதிகாரம் உண்டா?

தன்னாட்சிக் கல்லூரி என்றால் உண்டு. துறையின் பாடத்திட்டக் குழு வரையறுக்கும். கல்விக் குழு ஏற்க வேண்டும். இணைவுபெற்ற கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தரும் பாடத்திட்டத்தையே நடத்த வேண்டும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் பரவியிருக்கும் பல்கலைக்கழகம் அது, 1990-இல் தொடங்கியது. பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டியில் ஒரு வரி மாறினால் களியக்காவிளை வரை வகுப்பறைகளில் மாறும். வேகம் குறைவு என்பதும் அதனால்தான்.

மாநில உயர்கல்வி மன்றம் 2023-இல் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகளில் எதிர்ப்புக் கிளம்பியது. பொதுவான அடித்தளம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காற்றும் கடலும் அணு உலையும் சூழ்ந்த ஊரில் படிக்கிறவனுக்கும் சென்னையில் படிக்கிறவனுக்கும் விருப்பப் பாடங்கள்கூட ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பாடங்கள் தனி. அவற்றை நாங்கள் தொடவில்லை.

இது இரட்டைப் பட்டமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் சான்றிதழில் வருமா?

வராது. எங்களுடையது பாடத்திட்டக் கூட்டு மட்டுமே. பட்டம் வழக்கம்போல நம் பல்கலைக்கழகத்தின் பட்டம், மூன்றாண்டுதான்.

பட்டத்தையே கூட்டாகத் தருவதற்கு யு.ஜி.சி.யின் 2022 ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. இந்தியத் தரப்புக்கு, கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பெண் 3.01 ஆவது வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களில் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது சிறப்பு நிறுவன அந்தஸ்து வேண்டும். வெளிநாட்டுத் தரப்பு உலகத் தரவரிசையில் முதல் 1000-க்குள் இருக்க வேண்டும். இணைப்புத் திட்டத்தில் மாணவர் அங்கே பெறும் கிரெடிட் (படிப்பு உழைப்பை அளக்கும் புள்ளி) 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் இரண்டு பக்கமும் குறைந்தது 30 சதவீதம். இரட்டைப் பட்டத்தில் இங்கே குறைந்தது 30 சதவீதம்.

பேருந்து நிலையத்தின் எதிரே பெரிய பலகை வைத்து, "இங்கே படித்தால் வெளிநாட்டுப் பட்டம்" என்று யாராவது சொன்னால், இந்த விதிகளை அச்செடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அனுமதி பெறாத இத்தகைய கூட்டுகளில் தரும் பட்டம் செல்லாது என்று யு.ஜி.சி. 2023 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. கிளை பிடித்து நடத்தும் (ஃபிரான்சைஸ்) முறைக்கும் அனுமதியில்லை.

அவர்களுடைய கிரெடிட்டும் நம்முடைய கிரெடிட்டும் ஒன்றா?

ஒன்று போலத் தெரியும், இல்லை. ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் உழைப்பு 25 முதல் 30 மணி நேரம். நம் தேசியக் கிரெடிட் சட்டகத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம், ஆனால் ஓராண்டுக்கு 40. மணிக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒன்றரைக்கு ஒன்று. எதை எடுப்பது என்று இரண்டு அலுவலகங்களும் நான்கு மாதம் கடிதம் எழுதிக்கொண்டன. கிரெடிட்டை மாற்றிக்கொள்ளப் போகும் மாணவர்கள் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

செலவு யாருடையது? கட்டணம் கூடுமா?

கூடவில்லை. இத்தகைய கூட்டுகளுக்குப் பணம் வரும் வழிகள் சில. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் உயர்கல்வித் திறன் வளர்ப்புக்கென்று ஒரு பிரிவு. பாடத்திட்டத்தைப் புதுப்பிப்பது அதன் நேரடி நோக்கங்களில் ஒன்று. நம் கல்வி அமைச்சகத்தின் கியான் திட்டம் 2015-இலிருந்து வெளிநாட்டுப் பேராசிரியர்களைக் குறுகிய காலப் பாடம் நடத்த அழைத்து வருகிறது. ஸ்பார்க் 2018-இல் வந்தது, ஆராய்ச்சிக் கூட்டுக்கு. விண்ணப்பம் எழுதுவதற்கே ஒரு தனித் திறமை வேண்டும். எங்கள் முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது; இந்த ஊரில் யாருக்கு எந்த வேலைக்கு எத்தனை பேர் தேவை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நியாயமான தள்ளுபடி.

என் மகள் வெளிநாடு போவாளா?

பெரும்பாலும் போகமாட்டாள். மூன்று ஆண்டுகளில் போனவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சேர்த்தும் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்கள் இங்கே வந்ததும் காணொளி வகுப்பும்தான் அதிகம். சேரும்போதே இதைச் சொல்லிவிடுகிறோம்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இதில் தாக்குப்பிடிப்பார்களா?

முதல் மாதம் காணொளி வகுப்பில் அந்தப் பேராசிரியையின் உச்சரிப்பு எனக்கே புரியவில்லை, பிள்ளைகளைச் சொல்வானேன். பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. வகுப்புக்கு முன் பத்து நிமிடம், அன்றைய பொருளை ஒரு மாணவர் தமிழில் சொல்ல வேண்டும். முடிந்தபின் இரண்டு பக்க அறிக்கை ஆங்கிலத்தில். அழகான ஆங்கிலம் கேட்பதில்லை: என்ன அளந்தேன், எதை வைத்து, எவ்வளவு வந்தது, எவ்வளவு நம்பலாம். ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் முதல் பருவத்தில் வாயே திறக்கவில்லை. நான்காம் பருவத்தில் அவர்கள் அனுப்பிய தரவில் அலகு தவறியிருப்பதைக் கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்பினான். மூன்று வரி, அதில் இரண்டு இலக்கணப் பிழை. அவர்கள் நன்றி சொல்லித் திருத்திக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் அவர்களிடம் வாங்குகிறோமே. நாம் என்ன கொடுக்கிறோம்?

கைநீட்டி வாங்குவது மட்டுமாக இருந்தால் கூட்டு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். கொடுக்க நம்மிடம் இருப்பது சாதாரணமானதும் அன்று.

கிருஷ்ணாபுரத்துக்கு எல்லோரும் சிற்பம் பார்க்கப் போவார்கள். அதே ஊரில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பது பாளையங்கோட்டைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. அது ஏன் இங்கே வந்தது? காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு நமக்கு வெகு அருகில் போகிறது. பகலில் நம் தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், அந்தக் கோட்டை ஒட்டி, கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஆறு போல ஓடுகிறது. நிலநடுக்கோட்டு மின்தாரை என்று சொல்லலாம். ஐரோப்பாவில் எவ்வளவு பணம் கொட்டினாலும் அதன் அடியில் நின்று அளக்க முடியாது.

இதையே முதலாண்டுப் பரிசோதனையாக்கினோம். பழைய அலமாரியில் தூசி படிந்து கிடந்த டிப் சர்க்கிளை, காந்த ஊசியின் சாய்வை அளக்கும் கருவியை, எடுத்துத் துடைத்தோம். நெல்லையில் அதன் ஊசி ஏறக்குறைய கிடையாக நிற்கிறது. அதே நாளில் அங்கே ஊசி 65 டிகிரிக்கு மேல் தரையை நோக்கிக் கவிழ்ந்து நிற்கிறது. இரு பக்க மாணவர்களும் ஒரே நேரத்தில் கேமராவுக்கு முன்னால் வைத்துக் காட்டினார்கள். பாடப்புத்தகத்தில் மனப்பாடமாக இருந்த சாய்வுக் கோணம் அன்றுதான் பூமி உருண்டையாயிற்று. ஊசி கிடையாக நிற்பதைப் பார்த்த அந்தப் பக்கத்து மாணவர்கள், கருவி பழுதா என்று கேட்டார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த சிவகளையையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளை அமெரிக்காவின் மயாமியில் இருக்கும் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், கி.மு. 1155 என்று காலம் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஊரே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். அந்த எண் எப்படி வந்தது, ஐசோடோப்பை எப்படி எண்ணுகிறார்கள், ஏன் ஒரு வரம்போடு சொல்கிறார்கள் என்று விளக்கக்கூடிய பட்டதாரிகள் அந்த மண்ணிலேயே பத்துப் பேர் வேண்டும் என்பது என் ஆசை. கார்பன் காலக்கணிப்பு இப்போது எங்கள் ஐந்தாம் பருவத்தில் ஒரு முழு யூனிட். எடுத்துக்காட்டு எகிப்து இல்லை, சிவகளை.

ஆசிரியர்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?

கூடுதல் வேலை. பாதி வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கும் துறைகளில் அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பாமல், நிரந்தர ஆசிரியர்கள் மட்டும் விமானம் ஏறுவது அநியாயம். எங்கள் துறையிலும் முதல் ஆண்டு அதுதான் நடந்தது. சொல்லிச் சண்டைபோட்ட பிறகு மாறியது.

ஒப்பந்தம் போட்ட கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லையே?

பொன்னாடை, பூங்கொத்து, கையெழுத்திட்ட கோப்பை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி ஒரு படம். தரச்சான்றுக் குழு வரும்போது காட்டுவதற்குக் கோப்பில் ஒரு தாள். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பதினோரு ஒப்பந்தங்கள் இருந்தன. ஒன்றில் எதிர்த்தரப்பு ஆள் ஓய்வுபெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன, எங்களில் யாருக்கும் தெரியாது. விசாரிக்கிறவர்கள் மூன்றைக் கேளுங்கள்: கூட்டு வந்த பிறகு எந்தப் பரிசோதனை புதிதாகச் சேர்ந்தது, எந்தக் கேள்வி தாளிலிருந்து போனது, சென்ற மாதம் இரு தரப்பும் எதைப் பற்றிப் பேசினார்கள்?

சிறிய ஊர்க் கல்லூரி எங்களுடையது. எங்கே தொடங்குவது?

வெளிநாட்டுக்கு எழுதுவதற்கு முன் உங்கள் பழைய மாணவர்களுக்கு எழுதுங்கள். ஐந்து ஆண்டுக்குள் படித்து முடித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள். "நேற்றைய ஷிப்டில் காலை முதல் மாலை வரை என்ன செய்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில்கள் கையால் எழுதியதும் குரல் பதிவுமாக ஒரு கட்டு. பாடத்திட்டக் குழுவில் முதல் நாள் அதைத்தான் மேசைமேல் போட்டோம். ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையமும் நம் பல்கலைக்கழகத்திடமே இருக்கின்றன. தாவரவியல், விலங்கியல் துறைகள் அங்கிருந்து தொடங்கலாம்.

வேலை உறுதியாகக் கிடைக்குமா?

உறுதி கொடுக்க மாட்டேன். புதிய பாடத்திட்டத்தில் படித்த முதல் தொகுதி இப்போதுதான் வெளியே போயிருக்கிறது. நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள், நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள் என்கிறார்கள். அடித்தல் திருத்தத்தோடு காட்டினார்களாம். மற்றதை இரண்டு ஆண்டு கழித்துக் கேளுங்கள்.

ஆய்வகத்தை நேரில் பார்க்கலாமா?

வியாழன் பிற்பகல் 2 மணிக்கு மேல் வரலாம். வீட்டில் எரியாமல் போன சோலார் விளக்கு இருந்தால் அதன் பேனலைக் கொண்டுவாருங்கள். இருட்டுப் பெட்டிக்குள் வைத்து எந்த இடத்தில் செத்திருக்கிறது என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். அவர்களுக்கும் விதவிதமான விரிசல் வேண்டியிருக்கிறது.